ஸில்மியா மிஸ் கேட்ட கேள்விகள்

அலுவிகாரையில் மிளகு வாங்கி விற்கும் இத்ரூஸுக்கு வாய் ஓயாது. கடைக்கு வருகிறவரை உட்காரவைத்து மழை, பஸ், ஊர்ச் சண்டை என்று நாலு கதை பேசாமல் அனுப்பமாட்டார். மனைவி மவுத்தான பிறகு அந்தப் பேச்சுதான் துணை. அப்பேர்ப்பட்டவரை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் தனியாகப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

புரஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் விடவில்லை. சலம் எடுத்து, அந்தச் சிறுநீரைச் சோதித்தபோது, வழக்கமான அன்டிபயோட்டிக் எதற்கும் அடங்காத கிருமி வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்குத் தொற்றக்கூடாதென்றுதான் இந்தத் தனியறை. தாதிமார் கையுறையோடு வந்து, மருந்தை ஏற்றிவிட்டு உடனே போய்விடுவார்கள். மருமகள் ஸஹ்ரா கைக்குழந்தையோடு உக்குவெலைக்குத் தாய்வீடு போய்விட்டாள். கட்டாரிலிருந்து மகன் றிகாஸ், "டொக்டர் சொல்றபடி கேளுங்க வாப்பா" என்று போனை வைத்தான்.

ஒருநாள் ஸில்மியா வந்தாள். தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி. இப்படியான கிருமியைக் கண்டால் கொழும்புக்கு அறிவிப்பதும், எங்கிருந்து வந்ததென்று தேடுவதும் அவள் வேலை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, போன வருஷம் என்னென்ன மருந்து குடிச்சீங்க?"

இருமலுக்கு பாமசியில் கேட்டு வாங்கிய மாத்திரையில் தொடங்கி, பாமசிக்காரரின் கல்யாணம் வரை சொன்னார். அவள் சிரித்தபடி கேட்டிருந்தாள். மறுநாளும் வந்தாள்.

"நீங்க முந்தி இருந்த வார்டுல இன்னும் ரெண்டு பேருக்கு இதே கிருமி. அங்க எல்லாரும் பொதுவா எதைப் பாவிச்சீங்க? யோசிச்சுப் பாருங்க."

அவள் வரும்போது சொல்ல ஏதாவது வேண்டுமே என்று கட்டில் கட்டிலாக நினைத்துப் பார்த்தார்.

"கக்கூஸ் அடைச்சிக் கிடந்துச்சி மகள். சலம் நிறையுற பைய எல்லாரும் மூலையில இருந்த பேசின்லதான் ஊத்தினோம். கை கழுவினதும் அதுலயேதான்."

ஸில்மியா எழுந்து நேரே அந்த வார்டுக்குப் போனாள். பேசினின் கழிவுக் குழாயைச் சோதித்ததில் அதே கிருமி இருந்தது. அதைக் கழற்றி எறிந்தார்கள். பிறகு புதிதாக எவருக்கும் தொற்றவில்லை. அவள் வாசலில் நின்றபடியே சேதி சொன்னாள்.

"நீங்க சொல்லித்தான் பிடிச்சோம். ஜஸாகல்லாஹ் மாமா."

"அப்ப நாளைக்கு வருவீங்கதானே?"

"இனிக் கேக்க ஒண்ணுமில்லியே மாமா. வேற வார்டுல வேலை கிடக்கு."

அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கதவு மூடியதும், இன்னும் கொஞ்சநாள் கழித்துச் சொல்லியிருக்கலாமோ என்று மனம் ஓடியது. அந்த இரண்டு பேரின் முகம் நினைவுக்கு வர, வெட்கிப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

காய்ச்சல் விட்டு வீடு வந்தார். சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் வீட்டில் பயமில்லையென்று டொக்டர் சொன்னதை ஸஹ்ராவுக்குப் போனில் சொன்னார். "பிள்ளை கொஞ்சம் வளரட்டும் மாமா, பிறகு வாறேன்" என்றாள்.

கடையைத் திறந்தார். கிருமிச் சேதி அவருக்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. இரத்தோட்டையிலிருந்து மிளகு கொண்டுவரும் கணபதி, மூட்டையைப் படியில் வைத்துவிட்டு ரோட்டோரம் தள்ளி நின்றார்.

"எடை நிறுத்து வைங்க முதலாளி. டவுனுக்குப் போயிட்டு வாறேன்."

"இருந்து ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போங்களேன்."

"பஸ் வந்துரும்ங்க."

இத்ரூஸ் மூட்டையை அவிழ்த்து, ஒரு கை அள்ளிப் பார்த்தார். மிளகு நன்றாகக் காய்ந்திருந்தது. அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது.