இடக்கை வாசல்

பக்கத்து வளவில் வேலி அடைக்கிறார்கள். பழைய ஓலைக் கிடுகைப் பிடுங்கிப் போட்ட இடத்தில் முதல் மழை விழுந்து, நனைந்த ஓலையும் கறையானும் புழுதியும் கலந்த மணம் என் சன்னலுக்கு ஏறுகிறது. எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு எழுந்தேன். இந்த மணம் வந்தால் எனக்கு இருக்க முடியாது. பாயைச் சுருட்டு, சட்டி பானையை எடு, வண்டி வந்துவிட்டது என்று உடம்பு சொல்லும். நாற்பது வயது தாண்டிவிட்டது, இன்னும் சொல்கிறது.

நாங்கள் காற்றோடு குடிபெயர்ந்தவர்கள். மன்னார்த் தீவுக்கு இரண்டு முகம். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் கொதிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். வடகிழக்கில் வாடை பிறந்தால் எல்லாம் தலைகீழ். வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி கரையில் குடில் போட்டுத் தங்கும் வாடியை அமைதியான கரைக்கு மாற்றுவார். அவருக்குத் தொழில் செய்த அப்பாவும் மற்றவர்களும் குடிலைக் கழற்றி வண்டியில் கட்டிக்கொண்டு பின்னால் போவார்கள். கம்பும் ஓலையும் கயிறும்தான் எங்கள் வீடு. அந்தோனியார் சுரூபத்தைச் சீலையில் சுற்றி அம்மா மடியில் வைத்திருப்பா. கோயிலும் ஓலைதான், அதுவும் எங்களோடு வரும்.

குடில் போடுவதில் அப்பாவிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. காற்றுக்கு முதுகைக் காட்டு. கிழக்கே தலை வைத்துப் படு. அதனால் வடகரையில் படுத்திருக்கும் எங்களுக்கு வாசல் வலக்கைப் பக்கம் இருந்தது, தென்கரையில் இடக்கைப் பக்கம். மாறிப் போன முதல் கிழமை முழுக்க, தூக்கக் கலக்கத்தில் எழும்புகிறவர்கள் பழைய வாசலுக்கே நடப்பார்கள். விடியற்காலையில் வாடி நெடுக ஓலைச் சுவரில் தலைகள் முட்டும் சரசரப்புக் கேட்கும். அதைக் கேட்டு யாராவது சத்தம் வைப்பார்கள்: “ஆரது, இன்னும் வந்து சேரேல்லையோ?” சிரிப்பு ஒவ்வொரு குடிலாகப் போகும். ஓலை அல்லவா, வளைந்து கொடுக்கும். நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

வலை இழுக்கும்போது அப்பா முன்பாட்டுப் பாடுவார். அந்தப் பாட்டுகளில் மாதாவும் மீனும் அலையும் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு கரையை விட்டு இன்னொரு கரைக்குப் போவது பற்றி அவற்றில் ஒரு சொல் கிடையாது. அது அம்மாவின் தாலாட்டில் மட்டும்தான் இருந்தது. தம்பியைச் சீலை ஏணையில் போட்டு, கூரை கழற்றும் சத்தத்துக்கு நடுவே அம்மா பாடுவா:

காற்றுத் திரும்புதடா கண்மணியே கண்ணுறங்கு
கட்டு அவிழுதடா கண்மணியே கண்ணுறங்கு
போன கரை மணலுக்குப் பேர்சொல்லிக் கண்ணுறங்கு
போற கரை வாசலுக்குப் போய்ச்சேர்ந்து கண்ணுறங்கு

இதன் பிறகு இருந்த இடங்களின் பெயர்கள் வரும். ஒவ்வொரு மாறுதலுக்கும் ஒரு வரி கூடும். பாட்டு நீண்டுகொண்டே போனது.

“இது தாலாட்டோ, ரயிலிலை ஸ்டேசன் பேர் சொல்லுற சத்தமோ?” என்பாள் அக்கா.

“நீயும் இதைக் கேட்டுத்தானடி நித்திரை கொண்டனீ.”

“கொண்டன்தான். முழிச்சால் வேறை ஊராய் இருந்தது.”

தண்டவாளம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தூரத்தில் புகை போனால் தம்பி துள்ளுவான். அக்கா திரும்பிப் பார்க்கமாட்டாள். போகிற எதுவும் அவளுக்குப் பிடிக்காது. ஒரு நாள் கிடுகு கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து சொன்னாள்: “உங்கடை பாட்டிலை எல்லாம் இருக்கு அம்மா. மணல் இருக்கு, கரை இருக்கு, வாசல் இருக்கு. வீடு மட்டும் இல்லை.”

அம்மா கயிற்றை இழுத்து முடிந்தா. “வீட்டைப் போட்டால் தாளம் பிசகும்.”

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. பின்னாளில் நான் எழுதக் கூடிய எதையும்விடச் சரியாக எங்கள் வாழ்க்கையை அன்று அவள் சொல்லிவிட்டாள். எனக்கு அது அப்போது தெரியாது. நான் வண்டியில் முன்னுக்கு யார் இருப்பது என்று தம்பியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

வாடியில் பெண் கேட்டு வந்தவர்கள் எவரையும் அக்கா ஏற்கவில்லை. பிறகு தீவுக்கு வெளியே, கடல் தெரியாத அடம்பனில் இருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது. எங்கள் வேதக்காரர்தான், ஆனால் வயல்காரர். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

“கடலைக் காணாமல் இருப்பியோ பிள்ளை?”

“நான் கடலைக் கண்டது போதும் அப்பா. ஒரு சுவரைக் காணவேணும்.”

அப்பா மூன்று நாள் கிழிந்த வலைகளைப் பொத்தினார். பிறகு மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனார், நானும் போனேன். மண்சுவர், சாணம் மெழுகிய நிலம், பக்கத்தில் வைக்கோல் போர். அப்பா சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். உள்ளங்கையை வைத்துத் தள்ளியும் பார்த்தார். அசையவில்லை.

“இதை எப்ப கழற்றுவீங்கள்?” என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் தகப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். “சம்பந்தி, இது எங்களைக் கழற்றும், நாங்கள் இதைக் கழற்றமாட்டம்.”

அப்பாவும் சிரித்தார். வரும் வழியில் மட்டும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அக்கா கலியாணம் முடித்துப் போய், அவள் இல்லாமல் ஒரு சோளகம் போனது. பாயில் அவள் இடம் வெறுமையாக இருந்தது. தம்பி உருண்டு உருண்டு அதைப் பிடித்துக்கொண்டான். தாலாட்டில் அடம்பனுக்கு ஒரு வரி கூட்டச் சொன்னேன். அம்மா மாட்டேன் என்றா. “அது நாங்கள் விட்டுவந்த இடமில்லை. அவள் போய் நிண்ட இடம்.”

அந்த முறை வாடை பிறந்தபோது சம்மாட்டி வழக்கமான தென்கரைக்குப் போகவில்லை. அங்கே மீன் படுவது குறைந்துவிட்டது. தீவை விட்டு முசலிக் கரைக்கு, அரிப்பு ஊர்ப் பக்கம் வாடியை மாற்றப்போவதாகச் சொன்னார். எப்போது திரும்புவோம் என்று அவருக்கே தெரியாது. வள்ளங்கள் கடல்வழி போயின. பெண்கள் பிள்ளைகள் வண்டியில். அப்பா எங்களோடு வந்தார். சுற்றுவழிதான், ஆனாலும் வண்டியை அடம்பனுக்கு விடச் சொன்னார்.

விடிந்த கையோடு போய்ச் சேர்ந்தோம். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது. கட்டிப் பிடிக்கப் போன அம்மா அப்படியே நின்றுவிட்டா. அக்காவின் நெற்றியில், புருவத்துக்கு மேலே, கறுத்து வீங்கிய ஒரு புடைப்பு.

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கே பயமாக இருந்தது.

“ஐயோ மாமா, நானில்லை!” அந்த மனிதர் இரண்டு கையையும் தூக்கினார். “காற்று மாறின நாளிலை இருந்து இவ சுவரோடை சண்டை. எழும்பினால் நேரே போய் முட்டுறா. வாசல் இந்தப் பக்கம் எண்டு நானும் சொல்லிப் பார்த்திட்டன்.”

“எந்தப் பக்கம் போறாள்?” என்று அம்மா கேட்டா.

“இடக்கைப் பக்கம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா உள்ளே போய், முன்பு தட்டிப் பார்த்த அதே சுவருக்கு முன்னால் நின்றார். இடக்கைப் பக்கம் தென்கரை வாசல். நாங்கள் யாருமே அந்த முறை அங்கே போகவில்லை. அவள் மட்டும் போய்க்கொண்டிருந்தாள்.

அம்மா எண்ணெய் சூடாக்கி அந்தப் புடைப்பில் தடவிவிட்டா. “நோகுதோ?”

“ஓலை எண்டு நினைச்சுத்தான் போறன் அம்மா. அது விடுகுதில்லை.”

“எங்களோடை வந்து பிள்ளையைப் பெத்துப்போட்டு வாவன்.”

அக்கா கையை எடுத்துச் சுவரில் வைத்துக்கொண்டாள். “இல்லை அம்மா. இந்தப் பிள்ளை இஞ்சைதான் முழிக்கவேணும். படுத்த இடத்திலை.”

வெயில் ஏற முன்னம் அரிப்புப் பாதையைப் பிடிக்கவேண்டும். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். அம்மா சுரூபத்தை மடியில் வைத்து ஏறினா. தம்பி எனக்கு முன்னுக்கு ஏறிக்கொண்டான். நான் சண்டை பிடிக்கவில்லை. அக்கா வேலிப் படலை வரைக்கும் வந்தாள். மாடு அடி எடுத்து வைத்த பிறகு, வண்டியின் பின்கம்பைப் பிடித்தபடி அப்பாவின் பக்கமாக நாலு எட்டு நடந்தாள்.

“குடில் போட்டதும் ஆரிட்டையெண்டாலும் சொல்லி அனுப்புங்கோ அப்பா,” என்றாள். “வாசல் எந்தக் கைப்பக்கம் எண்டு.”