போடியில் திருப்பிப் போட்ட கோடாலி

1979, தை மாதம். ஒரு திங்கட்கிழமை காலை மதுரையில் போடி ரயிலைப் பிடித்தேன். கையில் ஒரு கோணிப்பை. அதில் நான்கு உளி, ஓர் இழைப்புளி, மூலைமட்டம், ஒரு கோடாலி. கோடாலியின் காம்பு மட்டும் பைக்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. நான் திருமங்கலத்துத் தச்சன். வயது நாற்பத்தாறு.

பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோர் கட்டுகிறார்கள், உருட்டு மரங்களைச் சதுரிக்க, அதாவது நான்கு பக்கமும் தட்டையாகச் செதுக்க, ஆள் வேண்டும், நான்கு மாத வேலை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து என் வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடியது, பலம் வரவில்லை. அறுப்பதும் இழைப்பதும் இடது கைக்குப் பழகிவிட்டன. கோடாலி மட்டும் பணியவில்லை. சதுரிக்கும் கோடாலிக்கு ஒரு முகம் தட்டை, மறு முகம் சரிவு. தட்டை முகம் மரத்தை ஒட்டி இறங்கினால்தான் பக்கம் நேராக வரும். வலக்கைக்கு அடித்த கோடாலியை இடக்கையில் பிடித்தால் சரிவு மரத்தின் பக்கம் போய்விடும். வெட்டு வழுக்கி வெளியே ஓடும். இடது கைக்கென்று ஒன்று அடித்து வாங்க வேண்டும். உள்ளூரில் அதைக் கேட்கக் கூச்சம். தெரியாத ஊரில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

தொண்ணூறு கிலோமீட்டர் தூரம். ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் மூச்சு வாங்கி ஏறியது. போடியில் இறங்கும்போது பதினொன்றரை மணி. ஸ்டேஷனுக்கு வெளியே வண்டிகளில் ஏலக்காய் மூட்டைகள். அந்த வாசனை முந்தல் போகும் சாலை வரை கூடவே வந்தது.

கொல்லப்பட்டறை அந்தச் சாலையில்தான் இருந்தது. கொல்லர் கருப்பையா இரும்பைத் திருப்பிப் பிடிக்க, அவர் மனைவி பேச்சியம்மாள் சம்மட்டி போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு வேலமரத் துண்டு கிடந்தது, முழுக்க வெட்டுக்காயம். கோடாலி வாங்க வருகிறவர் அதில் மூன்று வெட்டு வெட்டிக் காட்ட வேண்டும். வெட்டாதவருக்கு அங்கே விற்பதில்லை. ஒருவர் வெட்டும்போது காத்திருக்கும் மற்றவர்கள் பார்ப்பார்கள். நான் போனபோது தோட்டத்து ஆட்கள் ஐந்து பேரும் ஒரு ஜீப்பு டிரைவரும் நின்றிருந்தார்கள்.

"மரம் சதுரிக்கிற கோடாலி வேணும்" என்றேன். இடது கைக்கு என்பது வாயில் வரவில்லை. கருப்பையா ஒன்றை எடுத்து நீட்டினார். அத்தனை பேர் பார்க்க, வலது கையால் வாங்கி, வலது கையாலேயே வெட்டினேன். இரண்டாவது வெட்டில் மணிக்கட்டு மடங்கி, கோடாலி மண்ணில் இறங்கியது.

"அண்ணே, மரம் இந்தாக்குல கெடக்கு" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. சம்மட்டியைச் சாய்த்துவிட்டு வந்து, என் இடது உள்ளங்கையைப் பார்த்தார்.

"காய்ப்பெல்லாம் இந்தக் கையில இருக்கு. அந்தக் கையில எதுக்கு வெட்டுறீக?"

விழுந்ததைச் சொன்னேன். பிறகு கேட்க வந்ததையும் கேட்டேன்.

"புதுசு எதுக்கு? பையில நீட்டிட்டு இருக்கே, அதக் கொண்டாங்க."

என் பழைய கோடாலியின் காம்பைத் தட்டிக் கழற்றி, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து என் முன்னால் பிடித்தார். மேலே இருந்த விளிம்பு கீழே போனதும் தட்டை முகம் வலப்புறம் வந்துவிட்டது. எனக்கு வேண்டியது அதுதான்.

"காம்பு நொழையிற கண்ணு ஒரு பக்கம்தேன் அகலமா இருக்கு. காச்சி இந்தப் பக்கமும் அகட்டிக் குடுத்தா காம்பு ஏறிரும். என்னய்யா சொல்றீரு?"

"அதேன் நீயே சொல்லிட்டியே" என்றார் கருப்பையா துருத்தியை இழுத்தபடி.

இரண்டு வருடத்தில் அந்தக் கோடாலிக்கு நானே இரண்டு முறை காம்பு மாற்றியிருக்கிறேன். இரண்டு முறையும் தலையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். திருப்பிப் போடலாம் என்று தோன்றவில்லை. யாரிடமாவது கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

கண்ணை அகட்டி, வெட்டும் வாய்க்குப் பதம் வைத்து, காம்பு இறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கூலி நான்கு ரூபாய். டிரைவரின் ஜீப்பு நான் போக வேண்டிய தோட்டத்துடையதுதான்; அதுவரை இருந்து என்னை ஏற்றிக்கொண்டார். "வெரசா ஏறுங்கண்ணே, மேல பனி எறங்கிரும்." பதினேழு கொண்டை ஊசி வளைவு.  போடிமெட்டில் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

தோட்டத்து மேஸ்திரி என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். "காலையில ஒரு உத்திரம் சதுரிச்சுக் காட்டும். சரியில்லேன்னா இதே ஜீப்புல கீழ போயிக்கிரும்" என்றார்.

செவ்வாய் காலை ஏழு மணி. பதினான்கு அடி மரம், மேலே கரிநூல் கோடு. எதிர்ப்பக்கம் வெட்ட நின்றவர் சிலமலை ஊர்க்காரர் முனியாண்டி. வலக்கைக்காரர் இருவர் ஒரு மரத்தைச் சதுரிக்கும்போது ஆளுக்கு ஒரு முனையில் தொடங்கி, எதிரும் புதிருமாக வந்து, நடுவில் ஒரு முறை கடந்து போவதுதான் வழக்கம். நான் இடக்கை. அதனால் அவர் தொடங்கிய முனையிலேயே மரத்தின் மறுபக்கம் நான் நின்றேன்.

"என்ன மாப்ளே, கூடவே வர்றீரு?" என்றார் முனியாண்டி. "இம்புட்டு நாளும் ஒருத்தன் மூஞ்சியவும் பாத்துப் பேச முடியல. வாரும்."

பேச்சு முழுவதும் அவருடையது. நான் வெட்டினேன். தட்டை முகம் கோட்டை ஒட்டி இறங்கியது. சிராய் அகலமாகச் சீவி விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் மறுமுனையில் நிமிர்ந்தோம். மேஸ்திரி நூல் பிடித்து என் பக்கத்தைப் பார்த்தார். ஜீப்பு டிரைவரைப் போகச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு முனியாண்டியிடம், "அடுத்த மரத்துக்கு யார் வேணும்?" என்று கேட்டார்.

"இவரே இருக்கட்டும். பேச்சுத்துணைக்கு ஆச்சு."

சித்திரையில் ஸ்டோர் முடிந்து கீழே இறங்கியபோது பட்டறையில் நின்றேன். பேச்சியம்மாளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பையிலிருந்து கோடாலியை எடுத்ததும் அதைத் தெரிந்துகொண்டார். அன்றும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"வாய் மழுங்கியிருக்கான்னு பாப்போம். மூணு வெட்டு போடுங்க" என்றார்.

பையைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை முன்னால் கொடுத்துப் பிடித்து, மூன்று வெட்டு போட்டேன்.