உள்பக்க நாற்காலி

மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் வலது கோடியில் சின்னவள் இருப்பாள். அதனால் எந்த அரங்குக்குப் போனாலும் அக்கா வலப்பக்கத்து வரிசையாகப் பார்த்து இடம் பிடித்துக்கொள்வாள். நால்வர் குழுவில் இடது கோடியில் முதல் வயலின், அடுத்து இரண்டாம் வயலின், அதற்கடுத்து தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய செல்லோ, கடைசியில் வயோலா. அரைவட்டமாக நான்கு நாற்காலிகள். கச்சேரி முடிந்து எல்லோரும் கைதட்டும்போது அக்கா கைதட்ட மாட்டாள். தங்கையின் கறுப்புப் பாவாடையில் தான் போட்ட இஸ்திரி மடிப்பு நிற்கிறதா, கலைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஆனால் ஒரு படுக்கை விரிப்பை அவள் மடித்தால் மூலைக்கு மூலை பொருந்தி நிற்கும். துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலில் நாளெல்லாம் கத்திக் கத்தி அவளுக்குக் குரலே உரத்துப் போயிருந்தது. வீட்டிலும் அதே தொண்டைதான். அதனால்தான் சின்னவளின் காது போய்க்கொண்டிருந்தது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சின்னவளுக்கு வயோலா அமைந்ததே ஒரு காய்ச்சலால். பள்ளிக்கு யாரோ புண்ணியவான் கொடுத்த வாத்தியப் பெட்டிகள் வந்த அன்று அவள் சுருண்டு படுத்திருந்தாள். மறுநாள் போனபோது வயலின்கள் எல்லாம் தீர்ந்து, யாரும் சீண்டாத வயோலா ஒன்று மூலையில் கிடந்தது. வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் கொஞ்சம் கனத்தது. வேண்டாவெறுப்பாக எடுத்தவள் பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை. அதிலேயே படித்து, அதிலேயே பரிசு வாங்கி, அதிலேயே இந்தக் குழுவில் வந்து உட்கார்ந்தாள்.

முதல் வயலின்காரருக்குக் கழுத்து நீளம். வாசிக்கும்போது அது இன்னும் நீளும். குழுவில் எல்லோரும் அவரை முகத்துக்கு நேரேயே கொக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டாம் வயலின் கொக்கின் மனைவி. செல்லோக்காரர் பருத்த உடம்பு, நிதானமான பேச்சு. சின்னவளைத் "தாயே" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள். வயோலாக்காரர்களைக் கிண்டல் செய்வது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள உரிமை. கொக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது அக்காவிடமே சொன்னார்.

"உங்க தங்கச்சி வாசிச்சா யாருக்கும் தெரியாது. வாசிக்காம விட்டாத்தான் தெரியும்."

"உப்பு மாதிரின்னு சொல்றீங்க," என்றாள் அக்கா. "அது இல்லாம நீங்க மூணு பேரும் யார் தொண்டையில இறங்குவீங்கன்னு பாக்கலாம்."

கொக்கு கழுத்தை ஒடித்துச் சிரித்தார். அந்தப் பதிலை அக்கா சலவைக்கூடத்தில் பல பேரிடம் சொல்லி மகிழ்ந்தாள்.

இசைக் கல்லூரி அவர்கள் நால்வரையும் ஒரே குழுவாகத்தான் வேலைக்கு எடுத்திருந்தது. பகலில் ஆளுக்கொரு அறையில் மாணவர்கள், மாலையில் சேர்ந்து ஒத்திகை, மாதந்தோறும் ஒரு கச்சேரி. குழுவில் நாற்காலி இருந்தால்தான் கல்லூரியில் அறை. நாற்காலி போனால் அறையும் போகும்.

காதைக் கண்டுபிடித்தது அக்காதான். நடந்துபோகும்போதெல்லாம் சின்னவள் சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் இடப்பக்கமாகவே சேர்ந்துகொள்வாள். ஒரு நாள் அக்கா வேண்டுமென்றே மறுபக்கம் போய், அவளுடைய இடது தோள் ஓரமாக, தன் வழக்கமான தொண்டையை விட்டுவிட்டு மெதுவாக, "செருப்பு அறுந்திருக்கு பாரு," என்றாள். சின்னவள் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

சலவைக்கூடத்தில் உடன் வேலை செய்தவள் மூலமாகச் சொல்லிவைத்து, கூட்டமில்லாத நேரத்தில் தங்கையைக் காது வைத்தியரிடம் அழைத்துப் போனாள். இடது காதில் நரம்பு பழுதுபட்டுவிட்டது, தாழ்ந்த கனத்த ஒலிகள் முதலில் போயிருக்கின்றன, மற்றவையும் போகும், திரும்பி வராது என்றார் வைத்தியர். கருவி வைத்தால் பேச்சு கேட்கும், ஆனால் இசை இரண்டு இரண்டாகக் கேட்கும் என்றார். வலது காது முழுசாக இருக்கிறதே என்று ஆறுதலும் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா, குழுவில் சொல்லிவிடு என்றாள். சின்னவள் முடியாது என்றாள்.

"எங்க ஒத்திகையில பாதி நேரம் சண்டைதான்க்கா. சுருதியில நீ ஏறிட்டே, நான் இறங்கிட்டேன்னு. இது தெரிஞ்சுதுன்னா, இனிமே யார் பிசகினாலும் என் காதைத்தான் பாப்பாங்க. நான் சரியா இருந்தாலும் என் வாய் எடுபடாது."

அக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அதோடு அந்த வலது கோடி நாற்காலி சின்னவளுக்குப் பெரிய உபகாரம் செய்துகொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்தால் மற்ற மூவரும் அவளுடைய நல்ல காதுப் பக்கம் வந்துவிடுவார்கள். செத்த காது சனங்களைப் பார்த்து இருக்கும். சனங்கள் இருமுவதைக் கேட்காமல் போனால் என்ன நஷ்டம் என்று சின்னவளே சிரித்தாள். அப்படியே காலம் ஓடியது.

கெடுதல் ஒரு நல்லெண்ணத்தின் உருவில் வந்தது. கல்லூரிக்குப் புதிய அரங்கம் கட்டி முடித்திருந்தார்கள். திறப்புக் கச்சேரிக்குத் தேர்ந்தெடுத்த உருப்படியில், நடுவில் மெதுவாகப் போகும் பகுதியில் வயோலாவுக்கு நீண்ட தனி வாசிப்பு இருந்தது. இரண்டு வயலின்களும் சும்மா இருக்க, செல்லோ ஒரே சுரத்தைக் கீழே நீட்டிப் பிடித்திருக்க, அதன்மேல் வயோலா மட்டும் பாடும். கோடியில் உட்கார்ந்தால் வயோலாவின் முகம் பின்சுவரைப் பார்த்துவிடுகிறது, ஒலி சனங்களுக்குப் பாதிதான் போகிறது என்று கொக்கு யோசித்தார். வயோலாவை உள்ளே போட்டு, செல்லோவைக் கோடிக்கு மாற்றிவிட்டார். சின்னவளே சில வருஷங்களுக்கு முன்பு அப்படிக் கேட்டவள்தான். அப்போது காது நன்றாக இருந்தது.

"இப்பவாவது உன் குரல் நாலு பேருக்குக் கேக்கட்டும்," என்றார் கொக்கு.

எந்த வயோலாக்காரி வேண்டாம் என்பாள்? வேண்டாம் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். சின்னவள் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வந்து அக்காவிடம் சொன்னாள். செல்லோ இப்போது அவளுடைய இடது காதோரம்.

ஒத்திகை அறை சின்னது. நான்கு சுவரும் ஒலியைத் திருப்பி அடித்ததால் வலது காது சமாளித்தது. மீதிக்குச் சின்னவள் கண்ணை வைத்தாள். செல்லோக்காரரின் வில் எப்போது திரும்புகிறது, விரல் எங்கே அழுந்துகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தே வாசிக்கப் பழகிக்கொண்டாள். அந்த நீண்ட சுரத்துக்கு விரலே வேண்டாம், வெறும் கம்பியில் வில் ஓடும். அதனால் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, பயமும் இல்லை என்று நினைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கும் செல்லோக்காரருக்கும் கம்பியைப் பற்றித்தான் வாய்ச்சண்டை. அவருடைய தடித்த கம்பி பழசு, சூடு ஏறினால் தளர்ந்துவிடும், மாற்றுங்கள் என்று அவள் நச்சரித்தாள். புதுக் கம்பி கத்தும், பழகவே ஒரு மாதம் ஆகும் என்று அவர் மறுத்தார். "தாயே, இந்தக் கம்பி என்னை இதுவரைக்கும் கைவிட்டதில்ல, நீ விட்டாலும் அது விடாது," என்று கிண்டலாகவே முடித்தார்.

கச்சேரி நாளில் அக்கா வழக்கப்படி வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள். பிறகுதான் நினைவு வந்து, எழுந்து நடுவுக்கு மாறினாள். முன்வரிசையில் கல்லூரி முதல்வரும் பெரிய மனிதர்களும். புதிய விளக்குகள் மேடையைப் பொசுக்கின. தரையெல்லாம் கம்பளம், ஒலியை அப்படியே விழுங்கியது. முதல் பகுதி நன்றாகவே போயிற்று. மெதுவான பகுதியில் வயலின்கள் ஓய்ந்தன. செல்லோ சுரத்தை நீட்டியது. சின்னவள் தொடங்கினாள்.

அக்காவுக்கு இசை தெரியாது. ஆனால் தங்கை வீட்டில் வாசித்ததைக் கேட்டே வளர்ந்த காது. கொஞ்ச நேரத்தில் ஏதோ கூடவில்லை என்று பட்டது. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஓர் உறுத்தல். சூட்டில் செல்லோவின் கம்பி தளர்ந்து, சுரம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. விரல் வைக்காத கம்பியை வாசிப்பின் நடுவில் யாராலும் தூக்கிப் பிடிக்க முடியாது.

அதற்கு அவர்களிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. செல்லோதான் அடித்தளம். அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் மற்றவர்கள் வந்து நிற்க வேண்டும். செல்லோ தவறாக நின்றாலும் சரி. அடித்தளத்தோடு சேராதவன்தான் கேட்பவன் காதுக்குத் தப்பு. இறங்கும் செல்லோவோடு சேர்ந்து வயோலாவும் ஒரு மயிரிழை இறங்கியிருந்தால் அரங்கில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சின்னவள் இறங்கவில்லை. செல்லோக்காரர் அவளைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். அவள் அவருடைய வில்லையே பார்த்துக்கொண்டு, கண்டிப்பான சரியான சுருதியில், அழகாக, தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

வயலின்கள் உள்ளே வந்தன. வழக்கப்படி செல்லோவோடு சேர்ந்து தாழ வந்தன. அப்போதுதான் வலது காதில் விழுந்து, சின்னவளின் விரல் வழுக்கிக் கீழே வந்தது. அந்த வழுக்கல் அரங்கம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

கச்சேரி முடிந்து அக்கா பின்னறைக்கு ஓடினாள். பெட்டிகள் திறந்து கிடந்தன. கொக்கும் மனைவியும் சுவரைப் பார்த்து நின்றார்கள். செல்லோக்காரர் துணியால் கம்பியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "தாயே" காணாமல் போயிருந்தது.

"கம்பி இறங்கிச்சு. ஒத்துக்கறேன். உன்னைப் பாத்தேன், கண்ணைக் காட்டினேன். நீ ஏன் வரலை?"

சின்னவள் வயோலாவைப் பெட்டியில் வைத்தாள்.

"மாத்து மாத்துன்னு ஒரு வாரமா சொன்னியே. நீ சொன்னது சரின்னு எல்லார் முன்னாலயும் காட்டணும்னு நினைச்சியா? வேணும்னே பண்ணினியா?"

அக்கா கதவருகில் நின்றபடி தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சின்னவள் வில்லின் திருகைத் தளர்த்தினாள்.

"ஆமா," என்றாள். "வேணும்னேதான்."

கொக்கின் மனைவி மெல்ல வெளியே போய்விட்டாள். கூட வாசிப்பவனைச் சபையில் காட்டிக்கொடுப்பதைவிடப் பெரிய குற்றம் அந்தத் தொழிலில் கிடையாது. வீட்டுக்கு வரும் வழியில் அக்கா அழுதாள், திட்டினாள். சின்னவள் ஒரே பதில்தான் சொன்னாள்.

"திமிர் பிடிச்சவன்னா இன்னொரு குழுவுக்காவது கூப்பிடுவாங்க. செவிடுன்னா யார் கூப்பிடுவா?"

யாரும் கூப்பிடவில்லை. படிப்பு வருஷம் முடிந்ததும் கல்லூரி அவளுடைய நாற்காலியில் வேறு ஒருவனை அமர்த்தியது. சின்னவள் ஓர் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தாள். குழந்தைகள் கூட்டமாக நின்று ஒரே நேரத்தில் வயலினைக் கீறுவார்கள். அவர்களுக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. வீட்டில் வயோலாவை எடுப்பது குறைந்தது. அக்கா கறுப்புப் பாவாடையைத் துவைத்து, மடித்து, பெட்டியின் அடியில் வைத்தாள்.

பல மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம் செல்லோக்காரர் வந்தார். இளைத்திருந்தார். அக்கா அவரை உள்ளே அழைத்து, காப்பி போடப் போனாள். சின்னவள் ஜன்னலோர நீள இருக்கையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் குட்டி வயலின் ஒன்றுக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தாள். வாங்கண்ணே என்றாள், கையை நிறுத்தாமல். அவர் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி, கூச்சத்தால் குரலை அடக்கிக்கொண்டு பேசினார். அக்காவுக்கு அடுப்படி வாசலில் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"புதுப் பையன் சரிப்பட்டு வரலை. கொக்கும் உன்னையே கூப்பிடச் சொல்லிட்டான். கம்பியை அன்னைக்கே மாத்தியிருக்கணும், தப்பு என் பேர்லதான். திரும்ப வந்துடு தாயே."

சின்னவள் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

செல்லோக்காரர் காத்திருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. சரி என்று தனக்குள் சொன்னவர் போல முழங்காலில் கையூன்றி எழுந்தார். இருக்கை ஆடியதில் சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து நிற்கும் மனிதரைப் பார்த்தாள். அடுப்படி வாசலில் காப்பியோடு நிற்கும் அக்காவைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்பட்டுவிட்டது என்று புரிந்தது.

"அண்ணே, திரும்பச் சொல்லுங்க," என்றாள். "அந்தக் காது எனக்குக் கேக்காது. ரொம்ப நாளாச்சு."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கணக்குப் போடுகிறவர் போல அவர் கண் அலைந்தது. அன்றைய மேடை, உள்பக்க நாற்காலி, அவள் பார்த்துக்கொண்டே இருந்த வில், எல்லாம் அந்த முகத்தில் வந்து போனதை அக்கா பார்த்தாள். அவர் சுற்றி வந்து சின்னவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். அவள் தோளில் ஒருமுறை கை வைத்தார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் கடைசியில். "உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

காப்பியைக் குடித்தார். காப்பி நன்றாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னார். போய்விட்டார்.

சின்னவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"முதல்ல என்னக்கா சொன்னார்?"

பொய் சொல்ல அக்காவுக்கு ஒரு நொடி போதும். ஆனால் ஒரு விரிப்பைக்கூடக் கோணலாக மடிக்கத் தெரியாதவள். பையன் சரிப்படவில்லை என்றது, கொக்கு சொன்னது, கம்பியை மாற்றியிருக்க வேண்டும் என்றது, தப்பு யார் பேரில் என்றது, எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். கடைசியில், திரும்ப வந்துவிடு என்றதையும் சொன்னாள்.

"தாயேன்னு சொன்னாரா?"

"சொன்னார்."

சின்னவள் தலையசைத்தாள். குட்டி வயலினை எடுத்து மடியில் வைத்து, பாதியில் நின்றிருந்த கம்பியைத் திரும்பவும் திருக ஆரம்பித்தாள்.