சீப்பு எங்கே என்று வங்காளத்தில் கேட்டார்கள்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைச் சிகிச்சைக்காக வெளியூர் கூட்டிப்போவது பற்றி இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் போனது எழுபதுகளின் கடைசியில், ஒரு டிசம்பரில். அப்போது கரக்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மகள் வசுவுக்கு நாலு வயது. உட்காரவில்லை, பேசவில்லை, தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். பிரசவத்தில் மூளைக்குக் காற்றுக் குறைந்ததால் இருக்கலாம் என்றார் ரயில்வே டாக்டர். கல்கத்தாவில் பெரிய இடத்தில் காட்டினால் பழுது பார்த்து, இன்ன தேதிக்கு ரெடி என்று சொல்லிவிடுவார்கள் என்று நம்பினேன். தொழில் புத்தி. மனைவி ராஜத்துக்கு ஒரே கேள்விதான்.

"நான்தான் அம்மான்னு அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

காலை 5.50 லோக்கல். 115 கிலோமீட்டர், ஹவுராவில் இறங்கும்போது 8.40. அங்கிருந்து கரியாஹாட் பக்கம் டாக்சி, பத்து கிலோமீட்டர், பதினாலு ரூபாய். சௌரங்கியில் மெட்ரோவுக்குத் தோண்டிக்கொண்டிருந்ததால் ஐம்பது நிமிடம். டிரைவர் திரும்பிப் பார்த்து, "கீ ஹொயேச்சே?" என்றார். என்ன ஆச்சு என்று அர்த்தம். "கிச்சு போஜே நா," என்றேன். இவளுக்கு எதுவும் புரியாது. நாலு வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன பதில்தான்.

சிகிச்சை மையம் ஒரு மாடி வீடு. கண்ணாடி போட்ட வங்காளி அம்மாள் ஒருவர் வசுவைப் பார்க்குமுன் எங்களைப் பார்த்தார். வீட்டில் எப்படிப் படுக்க வைப்பீர்கள், எப்படி ஊட்டுவீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். ராஜம் மடியில் மல்லாத்தி ஊட்டிக் காட்டினாள். விழுந்துவிடுவாளே என்று நாங்கள் அவளை எப்போதும் மல்லாத்தியே வைத்திருந்தோம்.

அவர் ஒரு மர நாற்காலி கொண்டுவந்தார். முதுகு சாயும் இடம் அறையின் மூலை போல இரண்டு பலகை சேர்ந்திருந்தது. முழங்கால்களுக்கு நடுவே பஞ்சு சுற்றிய கட்டை, பாதத்துக்கு அடியில் பலகை, முன்னால் ஒரு மேஜை. வசுவை அதில் உட்காரவைத்தார். பின்னிய கால்கள் மெல்லப் பிரிந்தன, தலை நின்றது. நான் பையிலிருந்த டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டேன். பலகை அகலம் பதினொரு அங்குலம்.

மேஜையில் ஒரு சீப்பும் ஒரு ஸ்பூனும் வைத்தார். "சிருனி கோத்தாய்?" என்றார். சீப்பு எங்கே? நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். வசுவின் கண் சீப்புக்குப் போய் அங்கேயே நின்றது. இடம் மாற்றி ஸ்பூனைக் கேட்டார், சரியாகப் பார்த்தாள். எனக்குச் சந்தேகம். நானே இரண்டையும் மாற்றி வைத்துத் தமிழில் கேட்டேன். அதுவும் சரி. பக்கத்து குவார்ட்டர்ஸ் வங்காளி மாஷிமா (சித்தி என்று அர்த்தம்) தினமும் மத்தியானம் தன் பாஷையில் பேசிக்கொண்டே அவளுக்குத் தலை வாரிவிடுவார். எதுவும் புரியாது என்று நான் சொல்லித் திரிந்த பிள்ளைக்கு இரண்டு பாஷை தெரிந்திருந்தது.

லேக் மார்க்கெட்டில் ஒரு தமிழர் கடையில் சாப்பிட்டோம். வசுவை நிமிர்த்திப் பிடித்து, தாடை மேலே போகாமல் இட்லி ஊட்டினேன், மையத்து அம்மாள் காட்டிய மாதிரி. கை கழுவப்போன ராஜம் அங்கே நின்ற நாலு பெண்களோடு நின்றபடி, "வசு, அம்மா எங்கடீ?" என்றாள். வசுவின் கண் ஒவ்வொரு புடவையாகத் தாண்டி ராஜத்திடம் வந்து நின்றது. ராஜம் கடையிலேயே அழுதாள். அழுதுகொண்டே என்னிடம், "காலைல டாக்சில நீங்க சொன்னதும் அவளுக்குப் புரிஞ்சிருக்குமே," என்றாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. குணமாகும் தேதி யாரும் தரமாட்டார்கள்; எங்களுக்கும் தரவில்லை. வசு கடைசிவரை நடக்கவில்லை. ஆனால் உட்கார வைப்பதும் ஊட்டுவதும் பேசுவதும் தினப்படி வேலை, அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். ஒரு டேப், பென்சில், நோட்டு எடுத்துப்போங்கள். அந்த நாற்காலியை நான் பேக்கிங் பெட்டிப் பலகையில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்தேன். பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள், மொழிபெயர்க்கவும் வேண்டாம்.

அன்று 4.10 லோக்கலில் திரும்பினோம். கோலாகாட் பாலம் தாண்டும்போது வசுவிடம் மன்னிப்புக் கேட்டேன். தமிழில் ஒருமுறை, வங்காளத்தில் ஒருமுறை.