சுபேதார் வராத வியாழக்கிழமைகள்

முன்னாள் பட்டாளத்துக்காரர்களுக்கு அரசாங்கம் வைத்தியம் தருகிறது, ஆனால் அது அவர்களிடம் போய்ச் சேரவில்லை; ஏன் என்று ஆராய்ந்து எழுது என்று என்னைத் திருச்சிக்கு அனுப்பினார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஸ்ரீரங்கத்துக்காரன், அதனால் வீட்டுச் சாப்பாட்டோடு ஆராய்ச்சி.

வியாழக்கிழமை காலையில் மட்டும் அவர்களுக்கென்று ஒரு டாக்டர் உட்காருவார். பன்னிரண்டு அடித்தால் எழுந்துவிடுவார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலி போட்டுக்கொண்டு கவனித்தேன். முதலில் வந்தவர் முதலில் உள்ளே போகவில்லை. பட்டாளத்தை விட்டுப் பல வருஷமாகியும், யாரும் சொல்லாமலே பதவிப்படி நின்றார்கள். முன்னால் சுபேதார், பிறகு ஹவில்தார், நாயக், சிப்பாய்கள். கடைசியில் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். மண்ணச்சநல்லூரிலிருந்து முதல் பஸ் பிடித்து எல்லோருக்கும் முந்தி வந்தவர் அவர்தான். இருமல் வந்தால் தூணைப் பிடித்துக்கொள்வார். அவர் முறை வருவதற்குள் டாக்டர் போய்விடுவார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எங்கள் சித்தப்பா ஒருவர், தீர்த்தம் சாதிக்கும்போது தனக்கு முன்னால் இன்னொருவர் கை நீட்டிவிட்டார் என்று கோவிலுக்குப் போவதையே நிறுத்தியவர். பெருமாளுக்கு என்ன நஷ்டம் என்று வீட்டில் கேலி செய்வோம். வரிசை வியாதி எனக்குத் தெரியாததா?

அரியமங்கலத்துப் பட்டறையில் சொல்லி நம்பர் போட்ட தகர வில்லைகள் செய்துவந்தேன். வந்த வரிசையில் வில்லை, வில்லை வரிசையில் டாக்டர். முதல் வாரம் முதல் வில்லை சமையல்காரருக்குக் கிடைத்தது. கூப்பிட்டும் அவர் நகரவில்லை.

"சுபேதார் சாப் நிக்கிறாங்க. நான் எப்படிங்க முன்னாடி போறது?"

"உள்ள போய்யா" என்று சுபேதார் அதட்டினார். அதற்கு ஒரு சல்யூட் வந்ததே தவிர, கால் நகரவில்லை. கடைசியில் சுபேதாரே முதலில் போக வேண்டியதாயிற்று. அவருக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண்.

அடுத்த வாரம் சமையல்காரர் வில்லையை நீட்டிவிட்டு உள்ளே போனார். மற்றவர்களும் அவரவர் நம்பரில் போனார்கள். பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். காச நோய் என்று கண்டுபிடித்து அவருக்கு மருந்து தொடங்கினார்கள். என் அறிக்கையை மேலே பாராட்டினார்கள். வேறு ஊர்களுக்கும் வில்லை போயிற்று. சுபேதார் வருவதில்லை என்பதைக் கவனிக்காமல் இல்லை. இன்னொரு சித்தப்பா என்று முடிவுகட்டினேன்.

சில மாதம் கழித்துக் காட்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், நறுக்கென்று நாலு கேள்வி கேட்கலாம் என்று அங்கேயே இருந்த சுபேதார் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"ஏங்க வர்றதை நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் அங்க நின்னா அவன் உள்ள போக மாட்டான் தம்பி. அன்னைக்குப் பாத்தீங்கல்ல? கடைசியா வந்தாலும் எல்லாரும் வழிவிட்டு என்னை முன்னாடி தள்ளிடுவாங்க. அவனுக்கு இருமல் அப்படி இருந்துச்சு. என் புண்ணு தானா ஆறிடும்னு நினைச்சேன்."

அத்தனை பாராட்டு வாங்கிய வில்லைகள் ஒன்றுமே செய்யவில்லை. அவர் வராமல் இருந்ததுதான் வேலை செய்தது. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததற்குப் பதில் ஒரு வியாழக்கிழமை காட்டூர் பஸ்ஸில் ஏறியிருந்தால் அந்தக் கால் பிழைத்திருக்கலாம். இதை நினைக்காமல் இன்றும் என்னால் ஓர் ஆஸ்பத்திரி வரிசையைப் பார்க்க முடிவதில்லை.

"அவன் இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நின்னு போச்சுங்க. உடம்பு கூடத் தேறியிருக்கு."

"அப்ப சரி." வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். "இதை மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அவனும் வர மாட்டான்."