எண்ணெய் காய்ந்த லென்ஸ்

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் துடைப்பக்கா. மைக்ராஸ்கோப்பைத் தொட்டவர் யாரானாலும் "துடைச்சியா?" என்று கேட்காமல் விடமாட்டாள். "துடைக்கிறதைத்தான் சொன்னோம்க்கா, துடைப்பத்தை இல்ல" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சமாளிப்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

சளியில் காசநோய்க் கிருமியைத் தேட, ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸ் நுனியை அதில் தோயவைக்க வேண்டும். முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். காய்ந்தால் படலம் கட்டும். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒருநாளும் தவறியதில்லை.

தங்கைக்குப் பிரசவ வலி என்று போன் வந்தபோது மட்டும் போட்டது போட்டபடி ஓடினாள். மூன்று நாள் கழித்துத் திரும்பினால் ஸ்லைடுகள் குவிந்து கிடந்தன. உட்கார்ந்து பார்த்தாள். எல்லாம் மசமசவென்று தெரிந்தது. வயது நாற்பத்தாறு, கண்மேல் பழியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஐந்து நாளில் புது மூக்குக்கண்ணாடி வந்தது. மசமசப்பு போகவில்லை. அப்புறம்தான் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நுனியில் மஞ்சளாகப் படலம். தங்கைக்காக ஓடிய அன்று துடைக்காமல் விட்ட எண்ணெய்.

எண்ணெயைக் கரைக்கும் சைலீன் திரவத்தில் லென்ஸ் காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் நனைத்து, அழுத்தாமல் துடைத்தாள். அந்த ஐந்து நாளில் "கிருமி இல்லை" என்று எழுதிய இருபத்துமூன்று ஸ்லைடுகளையும் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி பார்த்தாள். பதினேழாவதில், நீலத்துக்கு நடுவே சிவப்பாக மெல்லிய குச்சிகள், காசநோய்க் கிருமிகள். கடைத்தெருத் தையல்காரருடையது.

அவள் நடந்ததைச் சொன்னதும் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "சந்தேகமா இருக்கு, இன்னொரு தடவை சளி குடுங்கன்னு சொல்லிக் கூப்பிடலாமே. யாருக்கும் தெரியாது."

"நானே போய்ச் சொல்லிட்டு வரேன் டாக்டர். இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது."

தையல்காரர் துணி வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னதும் கத்தரிக்கோல் நின்றது.

"நீங்கதானேம்மா இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"நான்தான். லென்ஸ்ல அழுக்கு இருந்துச்சு. கவனிக்காம விட்டது என் தப்பு."

அவர் கத்தரிக்கோலைத் துணிமேல் வைத்தார். "பக்கத்துலயே படுக்கும் என் பொண்ணு. அதுக்கு ஒட்டியிருக்குமா?"

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க. வீட்ல எல்லாரையும் பாத்துடலாம்."

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அதன் பிறகே அவளுக்கு மூச்சு வந்தது. தையல்காரர் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். ஒவ்வொரு முறை சளி கொடுக்க வந்தபோதும் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பாராமலே போனார். கடைசி ஸ்லைடை மூன்று முறை பார்த்த பின்தான் "இல்லை" என்று எழுதினாள். அவர் சீட்டை வாங்கிப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"வரேம்மா" என்றார்.

மன்னித்துவிட்டாரா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.