துப்பாக்கியில் கட்டிய காலண்டர் தாள்

பூந்தமல்லியில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை ஒன்றில் பதினாறு வருஷம் வேலை செய்தேன். அதற்கு முன் பாடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கம்பெனி மூடியதும் இங்கே வந்தேன். இரும்பு ராவுகிற வேலை எங்கே செய்தாலும் ஒன்றுதான்.

வந்ததெல்லாம் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள். பின்பக்கம் சுத்தியல் மாதிரி இரண்டு இரும்புகள் வெளியே தெரியும், குதிரை என்போம். கட்டைவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். விசையை அழுத்தினால் அது பாய்ந்து ஊசியை அடிக்கும். ஊசி தோட்டாவைக் குத்தும். மேலே நடுவில் ஒரு லீவர். அதைப் பக்கவாட்டில் தள்ளினால் துப்பாக்கி மடிந்து திறக்கும்.

குதிரையும் லீவரும் பொருத்துவது என் வேலை. புது இரும்பை விளக்குப் புகையில் காட்டிக் கருப்பாக்கி, உள்ளே வைத்து எடுப்பேன். கருப்பு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. அங்கே மட்டும் அரம் போடுவேன். மறுபடி புகை. ஒரு லீவருக்கு இரண்டு நாள் போகும்.

குதிரை பொருத்தினால் ஒரு சோதனை உண்டு. அடித்து ஓய்ந்த குதிரை ஊசியைத் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. மயிரிழை தள்ளி நிற்க வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் துப்பாக்கி கீழே விழுந்தாலே வெடிக்கும். அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து, ஊசிக்கும் குதிரைக்கும் நடுவில் விட்டுப் பார்ப்போம். இடது பக்கம் தாள் போய் வர வேண்டும். வலது பக்கமும் போய் வர வேண்டும். அப்புறம் அதே தாளைச் சுருட்டி, விசைக்குப் பக்கத்தில் நூலால் கட்டிக் கொடுப்போம். தாள் கட்டியிருந்தால் சோதித்தாயிற்று என்று அர்த்தம். சுற்று வட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் இது தெரியும்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். ஸ்டேஷனில் கொடுப்பார்கள், இல்லையென்றால் எங்கள் கடையில். தேர்தல் முடிந்ததும் எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். அப்படி ஒரு நாள் குத்தம்பாக்கத்துப் பக்கத்து விவசாயி ஒருவர் தம்பியோடு வந்தார். ஒப்படைத்த துப்பாக்கியை அப்படியே பழுது பார்க்கச் சொல்லியிருந்தார். புது லீவர் போட்டிருந்தேன். வலது பக்கம் புதுக் குதிரை. இடது பக்கம் பழையதைக் கழற்றி இறுக்கியது.

"இன்னாபா, ஜெயிச்சவன் மாலை போட்டுகினு ஊட்டுக்குப் பூட்டான். எங்க துப்பாக்கி இன்னும் இங்கியே கீது" என்றான் தம்பி.

"நீ வாங்கினு போய் இன்னாடா பண்ணப் போற?" என்றார் அண்ணன். "போன தபா மொயலுக்கு வெச்ச குறி பம்புசெட்டு ஓட்டுல பட்டுது. மொயலு நின்னு வேடிக்க பாத்துகினு இருந்துச்சு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது இடது பக்கம் தாள் விட்டு எடுத்திருந்தேன். சிரித்துக்கொண்டே தாளைச் சுருட்டிக் கட்டினேன்.

மூன்று மாதம் கழித்துச் செய்தி வந்தது. பம்புசெட்டுச் சுவரில் சாய்த்து வைத்த துப்பாக்கி சரிந்து, கல்லில் விழுந்து வெடித்ததாம். அண்ணனுக்குத் தொடையில் பாய்ந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். தோட்டா போட்டு வைத்தது தம்பி. அவன்தான் குதிரையை இழுத்து வைத்துவிட்டு மறந்துவிட்டான் என்றார்கள். கடையில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் காலண்டர் தாளை நான் கிழிப்பதில்லை. மனைவி கிழிப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் செய்கிற வேலை நின்றுவிடும். இடது பக்கம் தாள் விட்டது நினைவிருக்கிறது. வலது பக்கம் சில நாள் விட்டது போலத் தோன்றும். சில நாள் தோன்றாது.

இரண்டு வருஷம் போனது. இறந்துபோன அண்ணனின் மனைவி கடைக்கு வந்தார். லைசென்ஸ்காரர் இறந்தால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கேஸ் முடிந்து போலீஸ் திருப்பிக் கொடுத்ததை, ஒப்படைக்க வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரித்தேன். தாள் இன்னும் கட்டியபடி இருந்தது. பழுத்துப் போயிருந்தது. முடிச்சு என்னுடையது.

"அண்ணா, ஒன்னு கேக்கணும்" என்றார். "குதிரைய இழுத்து வெக்காம இது வெடிக்குமா?"

"ஏம்மா?"

"என் கொழுந்தன்தான் இழுத்து வெச்சிட்டான்னு ஊரே சொல்லுது. நானும் சொன்னேன். ரெண்டு வருசமா ஊட்டுப் படி ஏறல. பம்புசெட்டுலயே படுத்துகினு கீறான். சோறு எடுத்துகினு போனா திரும்பிப் படுத்துக்கறான்."

"கேசு முடிஞ்சி போச்சிம்மா. உட்டுடு" என்றார் முதலாளி. சொன்னது அவரிடம், பார்த்தது என்னை.

நான் சுவரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்தேன். இடது பக்கம் விட்டேன். போய் வந்தது. வலது பக்கம் விட்டேன். ஓரம் மடிந்தது. நிமிர்த்தி மறுபடி விட்டேன். போகவில்லை.

"இழுத்து வெக்காமலே வெடிக்கும்மா" என்றேன். "நான்தான் பாக்காம குடுத்துட்டேன்."

அவர் அழவில்லை. மடிந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத நீ வந்து அவன்கிட்ட சொல்லு." இந்த முறை அண்ணா என்று சொல்லவில்லை.

அவர் போனதும் முதலாளி, "மொதல்ல கடைய ஒரேயடியா இழுத்து மூடிட்டு, அப்பால போய்ச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து குதிரை வேலையை நான் தொடவில்லை. லீவர் மட்டும் பொருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். தம்பி பாதியாக இளைத்திருந்தான். மடை மாற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே வைக்காமல் கேட்டான்.

"இல்ல. நான்தான் இழுத்தேன்" என்றான். "இந்தக் கட்டவெரலு."

"தாள் போகலப்பா. நானே பாத்தேன்."

"மொதல்ல நானும் இல்லன்னுதான் சொன்னேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, இழுத்தது தெரிய ஆரம்பிச்சிச்சு. குதிரை போய் மாட்டும்போது டக்குனு ஒரு சத்தம் வரும் பாரு. அதுகூட கேக்குது. இப்ப வந்து இல்லன்ற. அந்தச் சத்தத்த நான் இன்னா பண்ணட்டும்?"



அவன் அண்ணி வரப்பில் வந்து நின்றிருந்தார். "நான் சொன்னது தப்புடா. ஊட்டுக்கு வந்து துன்னு" என்றார்.

மடையை அடைத்து, மண்வெட்டியை வரப்பில் வைத்தான். பிறகு கை கழுவிக்கொண்டு அவர் பின்னால் நடந்தான். படியில் ஒரு கணம் நின்று, ஏறினான்.

அண்ணி கூடத்தில் தட்டு வைத்தார். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன். வாசலில் இருந்தே தெரிந்தது. நான்கு விரலால் சோற்றை அள்ளிச் சாப்பிட்டான். கட்டைவிரலைச் சோற்றில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தான். அவர் அதைப் பார்த்துக்கொண்டே குழம்பு ஊற்றினார்.

தட்டு காலியாகும் வரை நின்றேன். பிறகு பஸ்ஸுக்கு நடந்தேன்.